கடைச் சாவி யார் யாரிடம்? சிறு வியாபாரிகளுக்கான இணையப் பாதுகாப்பு வழிகாட்டி

மதுரையில் கடைகளுக்கு பில்லிங் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுப்பது, டேலி ஏற்றித் தருவது, கேமரா மாட்டுவது என்று ஓடிக்கொண்டிருப்பவன் நான். பெரும்பாலும் கடை அடைக்கும் நேரத்தில்தான் என்னைக் கூப்பிடுவார்கள். அதனால் ஷட்டர் இறக்குவதைத் தினமும் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் பூட்டு, நடுவில் ஒரு பூட்டு, மூன்றையும் தலா இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, ஷட்டரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார் அண்ணாச்சி. சாவிக்கொத்து எத்தனை, எது யாரிடம் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அவரிடமே, "கடை ஜிமெயிலுக்கு பாஸ்வேர்டு என்னங்க?" என்று கேட்டால், "அது நம்ம பையனுக்குத்தான் தெரியும், அவன் பெங்களூர்ல இருக்கான்" என்பார். ஜிஎஸ்டி லாகின்? ஆடிட்டர் ஆபீஸ். கூகுள் மேப்பில் கடையைச் சேர்த்தது யார்? "எவனோ ஒரு பையன் வந்தான், ஐந்நூறு ரூபா வாங்கிட்டுப் போட்டுக் குடுத்தான்."

சாவியெல்லாம் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. கீழே சொல்லியிருப்பது எல்லாமே அந்தச் சாவிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கும் வேலைதான். கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் முக்கால்வாசி முடிந்துவிடும்.

முதலில் ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கோடு இழுங்கள். கணக்கின் பெயர், அதில் பதிந்திருக்கும் செல் நம்பர், அதில் பதிந்திருக்கும் மெயில், பாஸ்வேர்டு தெரிந்தவர்கள். வங்கி, ஜிஎஸ்டி, இ-வே பில், மெயில், வாட்ஸ்அப், க்யூஆர் கொடுத்த செயலி, கூகுள் மேப், இன்ஸ்டாகிராம், மின்வாரியம், கேமரா செயலி என்று எழுதிக்கொண்டே போங்கள். சின்ன மளிகைக் கடைக்கே பத்துப் பன்னிரண்டு வரும்.

இப்படி எழுதும்போது ஒரு பலசரக்குக் கடையில் வெளியே வந்த விஷயம்: ஜிஎஸ்டி தளத்தில் பதிந்திருந்த செல் நம்பர், மூன்று வருஷத்துக்கு முன் வேலையை விட்டுப் போன கணக்குப் பிள்ளையுடையது. அவர் நல்ல மனிதர், எதுவும் செய்யவில்லை. ஆனால் இத்தனை நாளாகக் கடையின் ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போயிருக்கிறது. அவர் அந்த நம்பரை விட்டுவிட்டிருந்தால் இன்னும் மோசம். ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போன நம்பரை, 90 நாள் கழித்து டெலிகாம் கம்பெனி வேறு யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். முன்பின் தெரியாத ஒருவர் கையில் உங்கள் ஓடிபி விழும்.

ஜிஎஸ்டியில் நம்பரும் மெயிலும் மாற்றுவது பெரிய வேலை இல்லை. தளத்துக்குள் போய், பதிவுத் திருத்தத்தில் நான்-கோர் என்ற பகுதியில் கையொப்ப உரிமை உள்ளவரின் விவரத்தை மாற்றலாம். லாகினே உங்களிடம் இல்லை, ஆடிட்டரும் போன் எடுக்கவில்லை என்றால், உங்கள் சரக அதிகாரியிடம் ஆதாரங்களோடு போனால் மாற்றித் தருவார்கள். ஆடிட்டர் வேலை செய்ய லாகின் வேண்டும்தான், கொடுங்கள். ஓடிபி மட்டும் உங்கள் போனுக்கு வரட்டும். "ஒவ்வொரு தடவையும் உங்களைக் கூப்பிட்டு ஓடிபி கேட்கணுமா?" என்று அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொள்ளட்டும். 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் இரண்டாவது சரிபார்ப்பு எல்லோருக்கும் கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள். அதனால் இந்த அலுப்பு எப்படியும் பழகித்தான் ஆகவேண்டும்.

நோட்டை மூடுவதற்கு முன் இன்னொன்று. ஜிஎஸ்டி தளத்தின் முகப்பிலேயே பான் எண்ணை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது, லாகின் வேண்டாம். உங்கள் பான் எண்ணைப் போட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஊரில் உங்கள் பெயரில் ஒரு கம்பெனி ஓடிக்கொண்டிருந்தால் இங்கே காட்டிக் கொடுத்துவிடும்.

செல் நம்பர்

இன்றைக்கு ஓடிபி வரும் நம்பர்தான் கல்லாப்பெட்டிச் சாவி. அதையே பெயிண்ட் அடித்து போர்டில் எழுதி வைத்திருக்கிறோம். கட்டைப்பையிலும் அச்சடித்துக் கொடுக்கிறோம். முடிந்தால் பிரித்துவிடுங்கள். போர்டிலும் பில்லிலும் போடும் நம்பர் ஒன்று, வங்கியில் இருக்கும் நம்பர் வேறொன்று. ஒரே போனில் இரண்டு சிம் இருந்தாலும் பரவாயில்லை, வங்கி நம்பர் ஊருக்குத் தெரியாமல் இருந்தால் போதும்.

சஞ்சார் சாத்தி என்று மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தளம் ஒன்று இருக்கிறது. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று அதில் பார்க்கலாம். உங்களுடையது அல்லாததை அங்கேயே புகார் சொல்லித் துண்டிக்கலாம். போன் தொலைந்தால் அந்தக் கருவியையே முடக்கும் வசதியும் அதில் உண்டு. அதற்கு ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண் வேண்டும். இப்போதே போனில் *#06# அழுத்தி, வரும் எண்ணை நோட்டில் எழுதிவையுங்கள்.

கூரியர்க்காரன் போல ஒருவன் கூப்பிட்டு, "உங்க பார்சல் வந்திருக்கு, டெலிவரி பையன் நம்பருக்கு இதை அழுத்துங்க" என்று நட்சத்திரக் குறியும் 21-ம் வைத்துத் தொடங்கும் எண் ஒன்றைச் சொன்னால், அழுத்தாதீர்கள். உங்களுக்கு வரும் அழைப்பையெல்லாம் அவன் போனுக்குத் திருப்பிவிடும் எண் அது. வங்கியிலிருந்து குரலாக ஓடிபி சொல்ல வந்தாலும் அவனுக்குப் போய்விடும். தெரியாமல் அழுத்தியிருந்தால் ##002# அழுத்துங்கள், எல்லாத் திருப்பலும் ரத்தாகும். காரணமே இல்லாமல் போனில் டவர் போய், மணிக்கணக்கில் வரவில்லை என்றால் சும்மா இருக்க வேண்டாம். வேறு போனிலிருந்து சிம் கம்பெனிக்குக் கூப்பிட்டு, உங்கள் பெயரில் யாராவது புது சிம் வாங்கினார்களா என்று கேளுங்கள்.

மெயிலும் பாஸ்வேர்டும்

"நான் மெயிலே பார்க்கிறதில்லையே" என்று சொல்லும் கடைக்காரர்கள்தான் அதிகம். நீங்கள் பார்க்காவிட்டாலும், மற்ற எல்லாக் கணக்குகளிலும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் கடிதம் அங்கேதான் வரும். மெயில் போனால் மீதி எல்லாம் வரிசையாகப் போகும்.

மெயிலுக்கு இரண்டு வேலை செய்யுங்கள். கூகுள் கணக்கின் அமைப்புகளில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய், பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை இயக்குங்கள். அப்புறம் அதே இடத்தில் பேக்கப் கோடு என்று பத்து எண்கள் கொடுப்பான். அதை அச்சடித்து வீட்டு பீரோவில் பத்திரங்களோடு வையுங்கள். போன் தொலைந்த அன்றைக்கு அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

பாஸ்வேர்டு விஷயத்தில் நான் கடை கடையாகப் பார்த்தது நான்கே வகை. கடைப் பெயரும் 123-ம், குலசாமி பெயரும் 123-ம், வண்டி நம்பர், பெரிய பிள்ளையின் பிறந்த நாள். வண்டி கடை வாசலிலேயே நிற்கிறது. கடைப் பெயர் போர்டில் இருக்கிறது. பிறந்த நாளுக்கு நீங்களே ஸ்டேட்டஸ் போடுகிறீர்கள். இதற்குப் பதிலாக ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். புளி, ஏணி, செவ்வாய், கொக்கு. நினைத்தாலே சிரிப்பு வரும், அதனால் மறக்காது. நீளமாக இருப்பதால் கணினி வைத்துக் கணிப்பதும் கஷ்டம். இந்த நாலையே போட்டுவிடாதீர்கள், இதை நான் ஊருக்கே சொல்லிவிட்டேன். ஒரு கணக்குக்கு வைத்ததை இன்னொன்றுக்கு வைக்கவும் வேண்டாம். எங்கோ ஒரு ஆன்லைன் கடையில் பாஸ்வேர்டுகள் கசிந்தால், அதே மெயிலையும் பாஸ்வேர்டையும் வைத்து மற்ற இடங்களில் முயன்று பார்ப்பதுதான் திருடர்களின் முதல் வேலை.

பாஸ்வேர்டை எழுதி வைக்கவே கூடாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். நான் எழுதச் சொல்வேன். ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருப்பவனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. எழுதக் கூடாது என்று பயந்து எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதுதான் ஆபத்து. அந்த நாற்பது பக்க நோட்டு வீட்டில் பூட்டி இருக்கட்டும். யுபிஐ பின்னும் ஏடிஎம் பின்னும் மட்டும் அதில் ஏறக் கூடாது. மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே கிழித்துவிடுங்கள், பில் வாங்க நிற்பவர் எல்லோரும் அதைப் படிக்கிறார்கள்.

வாட்ஸ்அப்

ஆர்டர் வருவது, விலைப்பட்டியல் போவது, பாக்கி கேட்பது எல்லாம் இதில்தான். இதைப் பிடித்துக்கொண்டவன் உங்கள் வாடிக்கையாளர் எல்லோரிடமும் உங்கள் பெயரில், "அவசரம், ஒரு இருபதாயிரம் போட்டுவிடுங்க, சாயங்காலம் தர்றேன்" என்று கேட்பான். உங்கள் முகத்துக்காகப் பத்துப் பேரில் இரண்டு பேர் போட்டும் விடுவார்கள்.

அமைப்புகள், அக்கவுண்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். ஆறு இலக்கப் பின் ஒன்று கேட்கும், போடுங்கள். கீழே மெயில் முகவரி கேட்கும், அதையும் போடுங்கள். அடுத்து லிங்க்டு டிவைசஸ் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் வாட்ஸ்அப் எந்தெந்தக் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறது என்று காட்டும். போன தீபாவளிக்கு ஆர்டர் எடுக்க வைத்திருந்த பையனின் லேப்டாப் இன்னும் அதில் இருந்தாலும் இருக்கும். தெரியாத ஒவ்வொன்றையும் வெளியேற்றுங்கள். மாதம் ஒரு முறை இதைப் பார்ப்பது நல்லது. எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்க எண்ணைச் சொந்தத் தம்பி வாட்ஸ்அப்பில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கேட்பது தம்பியா, தம்பியின் கணக்கைப் பிடித்தவனா என்று உங்களுக்குத் தெரியாது. போன் போட்டுக் கேளுங்கள்.

கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான், வங்கி கேஒய்சி என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஃபைல் வரும். பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் அது பத்திரிகை அல்ல, செயலி. ஏற்றினால் உங்கள் எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் படித்து ஓடிபியை அனுப்பிவிடும். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும், எதையும் 'இன்ஸ்டால்' செய்யச் சொல்லாது. இப்படி ஏமாறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அது தெரிந்தவர் நம்பரிலிருந்தே வந்திருக்கும். அவர் போன் முந்தைய நாள் மாட்டியிருக்கும்.

கல்லா

இங்கேதான் பணம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பேசலாம்.

காலையில் கடை திறந்து சாம்பிராணி போட்டதும், உங்கள் போனை எடுத்து உங்கள் க்யூஆரை நீங்களே ஸ்கேன் செய்யுங்கள். உங்கள் கடைப் பெயர் வருகிறதா என்று மட்டும் பாருங்கள், பணம் போட வேண்டாம். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் ராத்திரியோடு ராத்திரியாகப் பல கடைகளின் க்யூஆர் மேல் வேறு க்யூஆர் ஒட்டிவிட்டுப் போனார்கள். வாடிக்கையாளர் பணம் போடப் போட அது வேறு எவன் கணக்கிலோ ஏறியது. வெளியே தொங்கும் க்யூஆரை ராத்திரி உள்ளே எடுத்து வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பணம் வந்ததற்குச் சாட்சி வாடிக்கையாளர் போன் அல்ல. பச்சை டிக், டிங் சத்தம், தேதி நேரம் எல்லாம் அச்சு அசலாகக் காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. பழைய ஸ்கிரீன்ஷாட்டில் தொகையை மாற்றிக் காட்டுகிறவர்களும் உண்டு. சவுண்ட் பாக்ஸ் பேச வேண்டும், இல்லை உங்கள் செயலியில் வரவு தெரிய வேண்டும். பில் போடும் பையனுக்கு நான் சொல்லிக் கொடுப்பது ஒரே வரி: "பெட்டி பேசினாத்தான் சரக்கு நகரும்." கூட்ட நேரத்தில் பெட்டியின் சத்தம் அமுங்கிப் போகும். அந்த நேரம் பார்த்துத்தான் வருவார்கள். தீபாவளி, பொங்கல் வாரத்தில் ஒருவரைச் செயலியைப் பார்ப்பதற்கென்றே உட்கார வையுங்கள்.

இன்னொரு ரகம்: "ஐந்நூறு போடுறதுக்கு ஐயாயிரம் போட்டுட்டேன் சார், ஆஸ்பத்திரிப் பணம், மீதியைத் திருப்பிப் போடுங்க" என்று அழுகுரல். வங்கியிலிருந்து வந்தது போல ஒரு எஸ்எம்எஸ்ஸும் இருக்கும். அனுப்பியது யார் என்று பாருங்கள். பத்து இலக்க செல் நம்பராக இருந்தால் அது வங்கி இல்லை. வங்கியின் செய்தி எழுத்துகளாலான பெயரிலிருந்து வரும். அதையும் நம்பி உட்கார வேண்டாம், கணக்கைத் திறந்து வரவைப் பாருங்கள். நிஜமாகவே கூடுதலாக வந்திருந்தால், "உங்க வங்கியில எழுதிக் கொடுங்க, அவங்க மூலமா வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள். நீங்களாகத் திருப்பிப் போடாதீர்கள்.

அது திருட்டுப் பணமாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட பணம் உங்கள் கணக்கில் ஐந்நூறு ரூபாய் விழுந்தாலும், எங்கோ வட மாநில போலீஸ் அனுப்பும் தகவலின் பேரில் வங்கி அந்தத் தொகையையோ, சில நேரம் கணக்கையே நிறுத்தி வைக்கும். டீ விற்ற பணம் என்று நிரூபிக்க நீங்கள் அலைய வேண்டும். அதனால் க்யூஆர் பணம் விழும் கணக்கு தனியாக இருக்கட்டும். சாயங்காலம் அதிலிருந்து முதன்மைக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். சரக்குக்காரனுக்குக் கொடுக்கும் பணமும் வீட்டு லோன் தவணையும் ஒரே கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்காது.

வாங்குகிறவன் உங்களைப் பின் போடச் சொன்னால்

நான் கேமரா மாட்டிய பாத்திரக் கடை ஒன்றில் நடந்தது. அரைகுறைத் தமிழும் இந்தியுமாகப் போன் வந்தது. ராணுவ கேம்ப்புக்கு அறுபது சாப்பாட்டுத் தட்டும் நாலு பெரிய அண்டாவும் வேண்டுமாம். பேரமே பேசவில்லை. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறார். மதுரையில் பேரம் பேசாமல் எவனாவது அண்டா வாங்குவானா? சீருடைப் படம், அடையாள அட்டைப் படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தன. லாரி மூன்று மணிக்கு வரும், பணம் முதலிலேயே போட்டுவிடுகிறோம் என்றான்.

"எங்க கணக்கு ராணுவக் கணக்கு, நேரா வராது. நீங்க ஒரு ரூபா போடுங்க, உங்க கணக்கு சரிதானான்னு பார்க்கணும்" என்றான். போட்டார். உடனே இரண்டு ரூபாய் வந்தது. அந்த இரண்டு ரூபாயில்தான் ஆள் விழுந்தார். அடுத்து ஒரு க்யூஆர் படம். "இதை ஸ்கேன் பண்ணுங்க. கோடு நம்பர் 24,600 போடுங்க. பின் போட்டதும் உங்களுக்கு வந்துடும்." அவன் கோடு என்று சொன்னதை இவர் தட்டியது தொகை போடும் கட்டத்தில். பின் போட்டார். வரவில்லை, போனது. "சர்வர் கோளாறு, இன்னொரு தடவை போடுங்க, ரெண்டும் சேர்ந்து வரும்" என்று அவன் சொல்லும்போதுதான் உறைத்திருக்கிறது.

யுபிஐ பின் என்பது உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்கு நீங்கள் போடும் கையெழுத்து. பணம் வாங்குவதற்குப் பின் வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், எதையும் அழுத்த வேண்டாம். தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் 'பணம் கொடு' என்று யுபிஐயில் கோரிக்கை அனுப்பும் வசதியை இந்த ஏமாற்றுக்காகவே 2025 அக்டோபர் 1 முதல், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்திவிட்டது. ஆனால் க்யூஆர் படத்தை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வதை யாராலும் நிறுத்த முடியாது, உங்களைத் தவிர.

ஏற்றுமதி, மொத்த வியாபாரம் செய்கிறவர்களுக்கு இதே வேலை மெயிலில் நடக்கும். திருப்பூர், கரூர்ப் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. வாங்குகிறவருக்கும் உங்களுக்கும் நடுவில் போகும் மெயிலை ஒருவன் பல வாரம் படித்துக்கொண்டே இருப்பான். இன்வாய்ஸ் போகும் சமயத்தில், ஒரு எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று உங்கள் பெயரில் எழுதுவான். கணக்கு எண் மாறியது என்று எந்தப் பக்கம் தகவல் வந்தாலும், அந்த மெயிலில் இருக்கும் நம்பருக்கு அல்லாமல், உங்களிடம் பழையபடி இருக்கும் நம்பருக்குப் போன் செய்து குரலைக் கேட்டுவிட்டுத்தான் பணம் போட வேண்டும். முதல் ஆர்டரிலேயே வாங்குபவரிடமும் இதை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

வங்கியின் தளத்துக்குப் போகும்போதும் கண்ணில் ஒரு அடையாளம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி சொன்னபடி 2025 அக்டோபர் இறுதிக்குள் நம் வங்கிகள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டியிருந்தது. கூகுளில் தேடி முதலில் வருவதை அழுத்தாமல், இந்த வாலைப் பார்த்து நீங்களே அடித்துப் போங்கள். கஸ்டமர் கேர் நம்பரையும் கூகுளில் தேடாதீர்கள். பாஸ்புக்கிலும் ஏடிஎம் அட்டையின் பின்னாலும் இருக்கிறது.

பில்லிங் கம்ப்யூட்டர்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களைப் பற்றி நான் பேசவே இல்லை. புது மெஷின் வாங்க இப்போது வசதி இல்லை என்றால், பழையதில் பில் மட்டும் போடுங்கள். மெயில், வங்கி இரண்டையும் அதில் திறக்க வேண்டாம். திருட்டு டேலியும் திருட்டு விண்டோஸும் ஏற்றித் தருகிறவர்கள் என் தொழிலிலேயே இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்காமலே அவற்றை ஓட வைக்கும் கிராக் ஃபைலை ஓட்டுவதற்கு ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். ஏன் அணைக்கச் சொல்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும்.

எனிடெஸ்க் விஷயத்தில் எனக்கே கொஞ்சம் குற்ற உணர்ச்சி உண்டு. தூரத்தில் இருந்தபடி உங்கள் டேலியைச் சரிசெய்ய நாங்கள்தான் அதை ஏற்றினோம். அதே செயலியைத்தான் 'வங்கியிலிருந்து பேசுகிறேன்' என்பவனும் ஏற்றச் சொல்கிறான். வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். உங்களைக் கேட்காமலே உள்ளே வரும்படி அதில் பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கிறார்களா என்று சர்வீஸ் ஆளிடம் கேளுங்கள். இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். நான் என் வாடிக்கையாளர் எல்லோருக்கும் எடுத்துவிட்டேன். போனில் எக்காரணம் கொண்டும் இது வேண்டாம்.

பேக்கப். மருந்து மொத்த விற்பனைக் கடை ஒன்றில் ஒரு திங்கட்கிழமை காலை எல்லா ஃபைல் பெயருக்கும் பின்னால் புரியாத ஒரு வால் முளைத்திருந்தது. டேலி திறக்கவில்லை. ஃபைல்களையெல்லாம் எவனோ பூட்டியிருந்தான், திறந்துவிடப் பணம் கேட்டுத் திரையில் ஒரு கடிதம். "பேக்கப் இருக்கே" என்று நிம்மதியாகக் காட்டினார்கள். பென் டிரைவ், ஆறு மாதமாகக் கழற்றாமல் அதே கம்ப்யூட்டரின் பின்னால் செருகி இருந்தது. அதிலும் அதே வால். மார்ச் கணக்கை ஆடிட்டரிடம் இருந்த பழைய காப்பியிலிருந்தும், காகித பில்களிலிருந்தும் மறுபடி ஏற்ற மூன்று வாரம் பிடித்தது.

இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒன்றில் இந்த வாரம், இன்னொன்றில் அடுத்த வாரம். காப்பி எடுத்ததும் கழற்றுங்கள். எப்போதும் ஒன்று வீட்டில் இருக்கட்டும். தீ, வெள்ளம், திருட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாதம் ஒரு முறை அந்தக் காப்பியை வேறு கம்ப்யூட்டரில் திறந்து, நேற்றைய பில் இருக்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேமராவுக்கும் வைஃபை பெட்டிக்கும் மாட்டும்போது இருந்த பாஸ்வேர்டே கடைசி வரை இருக்கும், அட்மின், அட்மின். மாட்ட வந்தவனை நிறுத்தி வைத்து, உங்கள் கையாலேயே மாற்றிவிட்டு அனுப்புங்கள். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதென்றால் கெஸ்ட் என்ற தனி இணைப்பில் கொடுங்கள், பில்லிங் கம்ப்யூட்டர் இருக்கும் இணைப்பில் வேண்டாம்.

ஆள் வேலையை விட்டுப் போனால் அன்று சாயங்காலமே நோட்டை எடுத்து, அவருக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் மாற்றுங்கள். சண்டை போட்டுப் போனாலும் சரி, மாலை போட்டு அனுப்பினாலும் சரி. போகிறவருக்கும் அது நல்லதுதான், நாளைக்கு எது நடந்தாலும் அவர் மேல் பழி விழாது.

நடந்துவிட்டால்

முதல் வேலை 1930-க்குப் போன். சைபர் பண மோசடிக்கென்றே மத்திய அரசு வைத்திருக்கும் எண். நீங்கள் சொன்னதும் பணம் போன வங்கிக்குத் தகவல் போய், அங்கே இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். திருடன் நாலைந்து கணக்குக்குப் பிரித்து ஏடிஎம்மில் எடுப்பதற்கு முன் பிடிக்க வேண்டும், அதனால் நிமிஷக் கணக்கு. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பணம் போன நேரம், தொகை, உங்கள் வங்கி, அந்தப் பரிமாற்றத்தின் 12 இலக்க எண். இதே புகாரை சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதியலாம். கிடைக்கும் ஒப்புகை எண்ணை நோட்டில் எழுதுங்கள்.

இரண்டாவது, வங்கிக்குச் சொல்லி கணக்கை, அட்டையை, யுபிஐயை நிறுத்துங்கள். எழுத்திலும் கொடுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாள் பணத்தை எடுத்திருந்து, தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால் இழப்பு உங்களைச் சேராது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதி போட்டது. நீங்களே பின்னையோ ஓடிபியையோ கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போனது உங்கள் தலையில். சொன்ன பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் சொல்வதுதான் லாபம்.

ஏபிகே ஏற்றிவிட்டீர்கள் என்றால் போனை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு, வேறொரு போனிலிருந்து மெயில் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். அப்புறம் மற்றவை. வாட்ஸ்அப்பில் வந்த செய்தி, படம் எதையும் கோபத்தில் அழிக்காதீர்கள், போலீஸ் கேட்கும். சில நாள் கழித்து, "உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், ஃபீஸ் மட்டும் கட்டுங்க" என்று வக்கீல் போலவோ அதிகாரி போலவோ ஒருவன் கூப்பிடுவான். அது இரண்டாவது திருட்டு. டிஜிட்டல் அரெஸ்ட் என்று வீடியோ காலில் மிரட்டுகிறவனும் இந்த இனம்தான். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்திலேயே கிடையாது. போனை வையுங்கள்.

பாத்திரக் கடைக்காரர் அன்றைக்கு மதியம் மூன்று மணி வரை லாரிக்குக் காத்திருக்கவில்லை, ஆனால் யாரிடமும் சொல்லவும் இல்லை. வெட்கம். ராத்திரி சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மகள் துருவிக் கேட்டு, ஒன்பதரை மணிக்கு அவள்தான் 1930-ஐ அழைத்தாள். அதற்குள் ஒன்பது மணி நேரம் ஓடியிருந்தது. பணம் இன்னும் வரவில்லை, புகார் எண் இருக்கிறது. போன வாரம் வேறு வேலையாகப் போனபோது பார்த்தேன். கல்லாவுக்கு மேலே தொங்கும் தினசரி காலண்டரின் அட்டையில், நல்ல நேரம் இராகு காலத்துக்குப் பக்கத்திலேயே, மார்க்கர் பேனாவால் பெரிதாக 1930 என்று எழுதி, கீழே வங்கியின் நம்பரையும் எழுதி வைத்திருந்தார். தேதி கிழிக்கும்போது தினமும் கண்ணில் படுமாம்.